‘காண்டாக்ட்’: எல்லியின் இரண்டு விசாரணைகள்

கேள்வி இதுதான்: 1997-இல் வந்த ‘காண்டாக்ட்’ படத்தில், வாழ்நாள் முழுக்க ஆதாரம் வேண்டும் என்று பேசிய விஞ்ஞானி எல்லி ஆரோவே, கடைசியில் கையில் ஓர் ஆதாரமும் இல்லாமல் “எனக்கு அது நடந்தது” என்று கலங்கி நிற்கிறார். அப்படியானால் அறிவியலும் முடிவில் ஒருவகை மதநம்பிக்கைதான் என்று படம் சொல்கிறதா?

இல்லை. அந்தக் காட்சியைப் பலர் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பேசப்படுவது வேறு. இந்தப் பதிலில் முடிவு உட்பட முழுக் கதையும் வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. சுருக்கமாக: வேகா என்ற நட்சத்திரத்திலிருந்து வந்த ரேடியோ சமிக்ஞையில் ஓர் இயந்திரத்தின் வரைபடங்கள் இருக்கின்றன; அதில் பயணித்துத் திரும்பியதாகச் சொல்லும் எல்லியைக் கடைசியில் ஒரு குழு விசாரிக்கிறது.

அந்த விசாரணையில் “இதையெல்லாம் நாங்கள் வெறும் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?” என்று கேட்பவர் விசாரணைக் குழுவின் உறுப்பினர் ஒருவர். பதில் சொல்லுங்கள் என்று நெருக்கி, கேள்விகளைத் தொடர்பவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக்கேல் கிட்ஸ். எல்லி அப்படிக் கோரவே இல்லை. நடக்காமல் இருந்திருக்கலாமா என்றால், இருந்திருக்கலாம் என்கிறார். மனப்பிரமையாக இருக்கலாமா என்றால், விஞ்ஞானி என்ற முறையில் அதையும் மறுக்க முடியாது என்கிறார். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் இதே சந்தேகத்தைத்தான் எழுப்புவேன் என்கிறார். பிறகு ஏன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறக்கூடாது என்று கேட்கும்போதுதான் முடியாது என்கிறார். தான் அனுபவித்ததை அனுபவிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இதைப் படத்தின் நடுவில் வரும் இன்னொரு விசாரணையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகாவிலிருந்து வந்த வரைபடங்களை வைத்துக் கட்டிய இயந்திரத்தில் யாரை அனுப்புவது என்று ஒரு சர்வதேசக் குழு நேர்காணல் நடத்துகிறது. எல்லியிடம் நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்பவர் பாமர் ஜாஸ். மதச் சிந்தனையாளர், அவருடைய முன்னாள் காதலரும்கூட. தான் சான்றுகளை வைத்துப் பேசுகிறவள், இந்த விஷயத்தில் எந்தப் பக்கமும் தரவு இல்லை என்கிறார் எல்லி. வாய்ப்பு போய்விடுகிறது. மேலதிகாரி டேவிட் டிரம்லின் அதே குழுவின் முன் வந்து, மனித குலத்தின் பெரும்பான்மை போற்றும் நம்பிக்கைகளை மதிக்காத ஒருவரைப் பிரதிநிதியாக அனுப்பலாமா என்று உருக்கமாகப் பேசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். அதுவரை அவர் வாயிலிருந்து கடவுளைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

இரண்டு இடத்திலும் எல்லி சொல்வது ஒன்றையேதான். தெரிந்ததைத் தெரியும் என்கிறார், நிரூபிக்க முடியாததை முடியாது என்கிறார். முதல் தடவை ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இருக்கை கிடைத்திருக்கும். இரண்டாம் தடவை ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். விஞ்ஞானி ஒருவர் விசுவாசியாக மாறிய கதையாக எனக்கு இது படவில்லை. படத்தில் கோடு கிழிக்கப்படுவது அறிவியலுக்கும் மதத்துக்கும் நடுவில் அல்ல. உள்ளதைச் சொல்பவர்களுக்கும் காரியத்துக்காகப் பேசுபவர்களுக்கும் நடுவில். டிரம்லினும் கிட்ஸும் ஒரு பக்கம், எல்லியும் கடைசியில் ஜாஸும் மறு பக்கம். ஜாஸை ‘கடைசியில்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்டது எல்லியை இழக்க மனமில்லாததால்தான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொள்கிறார். கடவுளின் பெயரில் கேட்கப்பட்ட கேள்விக்குள் சொந்த ஆசை ஒளிந்திருந்தது. அந்த வகையில் அன்றைய ஜாஸும் டிரம்லின் பக்கம்தான்.

அடுத்து, எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த விருந்துக் காட்சி. வாஷிங்டனில், மாலை உடையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லி ஓக்கமின் கத்தியை எடுக்கிறார்: மற்றவை சமமாக இருந்தால் எளிய விளக்கமே சரியானதாக இருக்கும். கடவுள் உலகைப் படைத்துவிட்டுத் தடயமே இல்லாமல் மறைந்துகொண்டார் என்பது எளிதா, நம் தனிமைக்காக நாமே அவரைப் படைத்துக்கொண்டோம் என்பது எளிதா? (இந்தக் கத்தியைத் தீட்டிய வில்லியம் ஓக்கம் 14-ஆம் நூற்றாண்டின் ஃபிரான்சிஸ்கன் துறவி. அந்தக் கருவி மதத்துக்கு வெளியே பிறந்ததல்ல.) ஜாஸ் திருப்பிக் கேட்கிறார்: உன் அப்பாவை நீ நேசித்தாயா? நிரூபி. எல்லி வாயடைத்து நிற்கிறார். ஜாஸ் ஜெயித்துவிட்டார் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள்.

அந்த வாதம் நிற்காது. நிற்காது என்பதைப் படமே நமக்கு ஏற்கெனவே காட்டிவிட்டது. எல்லி சிறுமியாக இருக்கும்போது அப்பா மாரடைப்பில் சரிகிறார். பாப்கார்ன் தரையில் சிதறிக் கிடக்கிறது. சிறுமி மாடிப்படி ஏறி, நடைகூடம் தாண்டி, குளியலறை மருந்துப் பெட்டியை நோக்கி ஓடுகிறாள். கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது. அவள் கை நீட்டிப் பெட்டியைத் தொடும் நொடியில்தான், இவ்வளவு நேரமும் நாம் பார்த்தது பெட்டிக் கதவின் கண்ணாடியில் தெரிந்த பிம்பம் என்று புரிகிறது. ஓட்டத்தைத் தனியாகப் படம்பிடித்து, கண்ணாடி இருக்கும் இடத்தில் நீலத்திரை வைத்துப் பிறகு இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். தொழில்நுட்ப வித்தைக்காகவே அந்தக் காட்சியைப் பேசுகிறவர்கள் அதன் உள்ளடக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த ஓட்டமே சான்று. இறுதிச் சடங்கில் பாதிரியார் ஆறுதலாக, சில விஷயங்கள் ஏன் நடக்கின்றன என்று நமக்குத் தெரியாது, கடவுளின் சித்தம் என்கிறார். மருந்தில் கொஞ்சத்தைக் கீழே குளியலறையிலும் வைத்திருக்க வேண்டும் என்று சிறுமி பதில் சொல்கிறாள்.

நேசம் தடயம் விடும். அது செய்கையில் தெரியும், பிறர் கண்ணில் படும், பல வருடங்கள் நீடிக்கும். கணிதத் தேற்றம்போல நிரூபிக்க முடியாதே தவிர, சான்றே இல்லாத விஷயம் அல்ல. எல்லிக்கு அந்த நேரத்தில் பதில் வராமல் போனது வாதம் வலுவானதால் அல்ல. அப்பாவின் பெயர் வந்ததும் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லியாக நடித்த ஜோடி ஃபாஸ்டரின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள், தோற்றவரின் முகம் அல்ல அது.

உண்மையிலேயே தடயம் விடாத அனுபவம் ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் கதை எல்லியை விண்வெளிக்கு அனுப்புகிறது. முதல் இயந்திரம் டிரம்லினோடு அழிந்துபோன பிறகு வாய்ப்பு எல்லிக்கு வருகிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில் ரகசியமாகக் கட்டிய இரண்டாவது இயந்திரத்தில் அவர் ஏறிய கலம் நேராகக் கீழே விழுகிறது. வெளியே இருந்த கேமராக்கள் எல்லாவற்றிலும் அது வளையங்கள் வழியாகக் கடலில் விழுந்தது மட்டுமே பதிவாகியிருக்கிறது. எல்லிக்கோ புழுத்துளைகள் (விண்வெளியின் தொலைதூர இடங்களை இணைக்கும் குறுக்குவழிகள்), ஒரு கடற்கரை, அப்பாவின் உருவில் ஒரு வேற்றுலகவாசி; அவர் கணக்கில் சுமார் 18 மணி நேரம். சான்று கேட்கும்போது அந்த உருவம் தரும் பதில், பல நூறு கோடி ஆண்டுகளாக இப்படித்தான் செய்துவருகிறோம் என்பது. அந்தப் போக்குவரத்து வலையைக் கட்டியது யார் என்றும் அவர்களுக்குத் தெரியாது. நம்மைவிட எத்தனையோ படி முன்னேறியவர்களிடமும் மரபு என்று ஒன்று இருக்கிறது, தெரியாதது என்று ஒன்று இருக்கிறது. பலர் சலிப்போடு கடந்துபோகும் கடற்கரைக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது கிட்ஸின் குற்றச்சாட்டு. எல்லியின் ஆய்வுக்குப் பணம் தந்த கோடீஸ்வரர் ஹாடன் செயற்கைக்கோள்களை வைத்து வேகா சமிக்ஞையைப் போலியாக உருவாக்கினார், எல்லாமே ஏமாற்று வேலை, ஓக்கமின் கத்திப்படி இதுவே எளிய விளக்கம் என்கிறார். எல்லியின் கத்தி எல்லியின் மேலேயே திரும்புகிறது. திரைக்கதையாக அருமை, ஆனால் ரேடியோ வானியல் தெரிந்தவர் யாராக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் இதை உடைத்துவிடுவார். இதைப் படம் பேசாமல் விட்டதுதான் என் பெரிய குறை.

கணக்கைப் பாருங்கள். சமிக்ஞை வந்த அலைவரிசை 4.4623 ஜிகாஹெர்ட்ஸ். ஹைட்ரஜன் இயல்பாக உமிழும் 1420.4 மெகாஹெர்ட்ஸைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் இது கிடைக்கும். அலைநீளம் சுமார் 6.7 சென்டிமீட்டர். அதைப் பிடித்தது நியூ மெக்சிகோவில் ஒய் வடிவத்தில் பரவிக் கிடக்கும் விஎல்ஏ (Very Large Array) என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுதி. 25 மீட்டர் விட்டமுள்ள 27 ஆன்டெனாக்கள், முழுவதும் விரித்தால் முனைக்கு முனை 36 கிலோமீட்டர் வரை போகும். 25 ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் அலைமுகம் இந்த 36 கிலோமீட்டரில் தட்டையாக இருக்கும். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து வந்தால் அது வளைந்திருக்கும். நடுவுக்கும் முனைக்கும் வித்தியாசம் சுமார் 4.5 மீட்டர், அதாவது 67 அலைநீளம். அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு பிசகினாலே இப்படிப்பட்ட தொலைநோக்கியில் பிம்பம் கலைந்துபோகும். 67 அலைநீளம் யார் கண்ணிலும் படாமல் தப்பாது.

அதுவும் வேண்டாம் என்றால், வானத்தின் ஓட்டமே போதும். புவிநிலைச் செயற்கைக்கோள் நம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். வேகா நட்சத்திரங்களோடு மணிக்கு 15 பாகை நகர்ந்து, நியூ மெக்சிகோவில் தினமும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். தாழ்வான சுற்றுப்பாதையில் இருப்பவை சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து ஓடிவிடும். பூமியைச் சுற்றும் எதுவும் வேகாவின் திசையிலேயே நாள்கணக்கில் நிற்க முடியாது. போதாததற்கு எல்லி அந்தச் சமிக்ஞையை உலகெங்கும் உள்ள நிலையங்களுக்குச் சொல்லிவிட்டார். அதற்காகக் கிட்ஸ் அவரைத் திட்டுகிறார். தேசப் பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் அது அத்துமீறல். அறிவியல் கண்ணோட்டத்தில் அதுதான் கிட்ஸின் ஏமாற்றுக் கோட்பாட்டை முறியடிக்கும் ஆயுதம். பல்லாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு தொலைநோக்கிகள் ஒரு செயற்கைக்கோளைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு திசையைக் காட்டும்.

எனவே விசாரணையில் எல்லி இப்படிச் சொல்லியிருக்கலாம்: சமிக்ஞை வேகாவிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று உண்டு, 2 முதல் 101 வரையிலான பகா எண்களை வரிசையாகத் துடிக்கும் இயற்கை நிகழ்வு எதுவும் தெரியாது, ஆகவே செய்தி உண்மை, என் பயணத்துக்கு மட்டும்தான் சான்று இல்லை. 1967-இல் முதல் பல்சார் (சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் நட்சத்திரம்) 1.337 நொடிக்கு ஒருமுறை துடித்தபோது வேற்றுலகவாசிகளோ என்ற எண்ணம் வந்துபோனது. ஆனால் ஒரே சீரான துடிப்புக்கு இயற்கையில் விளக்கம் கிடைத்தது. பகா எண் வரிசைக்கு அப்படி ஒரு விளக்கம் கிடைக்க வழியில்லை. படம் இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லியை முழு நிராயுதபாணியாக நிறுத்துகிறது. நம்பிக்கைக் கதையாக அது மாறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயணத்துக்கே சான்று சேர்த்திருக்க முடியாதா? முடியும். பல நாடுகளின் பெரும்பணத்தைக் கொட்டிக் கட்டிய இயந்திரத்துக்குள் மூடி முத்திரையிட்ட இரண்டு மூன்று கடிகாரங்களை வைத்திருந்தால் போதும். சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரமே ஒரு நாளைக்கு ஒரு நொடி அளவுக்குத்தான் பிசகும்; 18 மணி நேரம் என்பது 64,800 நொடி. வெவ்வேறு ஆட்கள் முத்திரையிட்ட, வெவ்வேறு வகைக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே அளவு முந்தியிருந்தால் கிட்ஸ் வாய் திறக்க முடியாது. கதிரியக்க அளவி ஒன்று. புறப்படும் முன்னும் வெளியே வந்த உடனேயும் ரத்தம், சிறுநீர்: ஒரு நொடி விழுந்து எழுந்தவரின் உடலும் 18 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தவரின் உடலும் ஒன்றாக இருக்காது. இதில் எதுவும் 1997-க்கு எட்டாத தொழில்நுட்பம் அல்ல. படத்தில் கலத்துக்குள் கூடுதலாக வைத்தது ஒரு நாற்காலி. வேற்றுலக வரைபடத்தில் இல்லாத அந்த நாற்காலிதான் பயணத்தில் கிடுகிடுவென்று ஆடிப் பெயர்ந்து நொறுங்குகிறது. ஜாஸ் கொடுத்த பொம்மைத் திசைகாட்டியைப் பிடிக்க எல்லி வாரை அவிழ்த்துக்கொண்டதால்தான் உயிர் தப்புகிறார். கொடுக்கப்பட்ட வடிவமைப்பை நம்பாமல் நம் பயத்துக்காகச் சேர்த்த பாகமே ஆபத்தானது என்பதைப் படம் வசனமில்லாமல் சொல்லும் இடம் அது.

இனி அந்த 18 மணி நேரம். விசாரணை முடிந்த பிறகு, வெள்ளை மாளிகை அதிகாரி ரேச்சல் கான்ஸ்டன்டைன் கிட்ஸிடம் தனியாகப் பேசுகிறார்: எல்லியின் பதிவுக் கருவியில் வெறும் இரைச்சல் இருந்தது எனக்குப் பெரிதல்ல, சுமார் 18 மணி நேரத்துக்கு இரைச்சல் இருந்ததுதான் பெரிது. அறிக்கையில் இடம்பெற்றிருந்தும் பொதுமக்களிடம் மறைக்கப்பட்ட தகவல்.

தனியாகப் பார்த்தால் இதுகூட முழுச் சான்று அல்ல. பழுதான கருவி தவறான நேரக்குறியோடு இரைச்சலை எழுதியிருக்கலாம் என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் பேட்டரியில் இருக்கிறது: 18 மணி நேரம் ஓடியதா, ஒரு நொடி ஓடியதா என்பதை மீதமிருக்கும் மின்சாரம் சொல்லிவிடும். பௌதிகத்தைப் பொறுத்தவரை, வேகமாகப் பயணிப்பவருக்கு நேரம் குறைவாகக் கழிய வேண்டும்; இங்கே தலைகீழாக இருக்கிறது. ஆனால் புழுத்துளையின் இரண்டு வாய்களிலும் காலம் ஒரே மாதிரி ஓட வேண்டியதில்லை. இது சும்மா சொல்லப்பட்டதல்ல. வானியலாளர் கார்ல் சேகன், படத்துக்கு மூலமான நாவலை எழுதும்போது, விண்மீன்களுக்கிடையே பயணிக்கப் பௌதிகம் அனுமதிக்கும் வழி எது என்று பௌதிகவியலாளரான நண்பர் கிப் தோர்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் கடக்கக்கூடிய புழுத்துளைகள் பற்றிய 1988 ஆய்வுக் கட்டுரைகள் பிறந்தன; அவற்றில் ஒன்று புழுத்துளையைக் கால இயந்திரமாக்குவது பற்றியது. எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் வேண்டும் என்பதால் கட்டுவது வேறு விஷயம்.

நாவலையும் படத்தையும் ஒப்பிட்டால் இந்தக் காட்சியின் எடை தெரியும். 1985-இல் வந்த நாவலில் பயணிப்பவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் இந்தியப் பெண்மணி தேவி சுகாவதி. ஐந்து சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கிறார்கள். முடிவிலோ பை எண்ணின் இலக்கங்களுக்குள் வெகு ஆழத்தில், 11-அடிமான முறையில் (பத்துக்குப் பதில் பதினொன்றை அடிப்படையாகக் கொண்டு) எழுதும்போது, பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வட்டம் கிடைக்கிறது. படைத்தவன் ஒருவன் இட்ட கையொப்பம். யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். அதாவது நாத்திகர் என்று பெயர் வாங்கிய சேகன் தன் நாவலில் கடவுளுக்கே ஒரு பரிசோதனையை வைத்திருக்கிறார். (பையின் இலக்கங்கள் முடிவற்றவை, எந்த வடிவமும் எங்கோ ஒரிடத்தில் தற்செயலாக வரலாமே என்பது நியாயமான ஆட்சேபம். எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் வலு.) படம் ஐந்து பேரை ஒருவராக்கியது, பையை நீக்கியது. எல்லியின் தனிமை கூர்மையானது. பிறகு அந்தக் கூர்மையைக் கண்டு தயங்கியதுபோல 18 மணி நேரத்தைக் கொண்டுவந்து வைத்தது.

சேகனுக்கு இது புதிய அக்கறையும் அல்ல. நாவல் வந்த அதே 1985-இல் கிளாஸ்கோவில் இயற்கை இறையியலுக்கான (இயற்கையையும் பகுத்தறிவையும் வைத்துக் கடவுளை ஆராய்வதற்கான) கிஃபோர்ட் சொற்பொழிவுகளை அவர் நிகழ்த்தினார். மனைவி ஆன் ட்ரூயனோடு சேர்ந்து இந்தக் கதையைத் திரைக்காக எழுதத் தொடங்கியது நாவலுக்கும் முன்னால். படம் திரைக்கு வரும் முன்பே, 1996 டிசம்பர் 20 அன்று காலமானார்.

ஜாஸ் போன்ற ஒருவர் நிஜத்தில் இருப்பாரா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஜார்ஜ் லெமெத்ரின் பெயரை. கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்தவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அந்தக் கருத்தைப் படைப்புக்கு ஆதரவாகப் பேசியபோது லெமெத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் சமன்பாடுகள் விசுவாசத்துக்குச் சான்றாகவும் வேண்டாம், எதிர்ச்சான்றாகவும் வேண்டாம் என்பதே அவர் நிலை. படத்தின் முடிவில் ஜாஸ், தான் வேறோர் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவன் என்றாலும் இருவர் தேடுவதும் உண்மையைத்தான், தான் எல்லியை நம்புகிறேன் என்று செய்தியாளர்களிடம் சொல்கிறார். கூர்ந்து கேட்டால் அவர் நம்புவது புழுத்துளையை அல்ல, எல்லி என்ற ஆளை. இருக்கைக்காகக்கூடப் பொய் சொல்லாதவர் என்பதை நேர்காணல் அறையில் நேரில் பார்த்தவர் அவர். அந்த நம்பிக்கைக்குச் சான்று இருந்தது.

படத்தை மறுபடி பார்ப்பவர்கள் இரண்டு விசாரணைகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு கான்ஸ்டன்டைன் பேசும் அந்தச் சில நொடிகளைத் தாண்டிவிட்டு முடிவைப் பாருங்கள். எல்லி சொன்னது உண்மை என்று நமக்கு யாரும் காதில் போடாத நிலையில், நீங்கள் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? நான் இப்படி எழுதியிருப்பேன்: சமிக்ஞை உண்மை, பயணம் நிரூபிக்கப்படவில்லை, சாட்சி நேர்மையானவர், முத்திரையிட்ட கடிகாரங்களோடு கலத்தை இன்னொரு முறை இறக்குங்கள்.